நாற்றம் தின்ற தேத்தூள்

மாரியம்மன் வாசலில் சூடத்தைக் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுச் சொல்லப்படுகிற கதை இது. இதில் ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததுமில்லை. ஓர் எழுத்து பொய்யென்றாலும் இந்த மலையில் இனிமேல் ஒரு கொழுந்து துளிர்க்க வேண்டாம்.

வட்டவளைக்கு மேலே, மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து ஏறும் தோட்டத்துப் பாதையின் கடைசி லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், கந்தப்பன் இருந்தான். சொந்தமாக ஒரு சின்ன மாருதி கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடுகிறவன். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பார்த்த இடமெல்லாம் ஏதாவது ஒன்றில் தட்டிப் போனது. ஓர் இடத்தில் ஜாதகம் தடுத்தது. இன்னோர் இடத்தில் அவனுடைய காது பெரிதாக இருக்கிறதென்று பெண்ணின் பாட்டி சொல்லிவிட்டாள். பேசாமல் காரையே கட்டிக்கொள்ளலாம் என்று ஸ்டாண்டில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அவனும் ஏறக்குறைய அதற்குத் தயாராகிவிட்டிருந்தான்.

அப்போதுதான் உடப்புசல்லாவையிலிருந்து ஓர் இடம் வந்தது. பெண்ணின் பெயர் பிரியந்தி, பாலர் பாடசாலை டீச்சர். பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டி, சீனி போதுமா என்று கேட்டாள். போதும் என்றான் கந்தப்பன். அந்தக் கோப்பையில் சீனியே போடவில்லை என்பது கினிகத்தேனை தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவன் வீட்டுக்குப் போக கினிகத்தேனைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆள் அந்த நிலையில் இருந்தான்.

இனிப் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். அது முடிந்தால்தான் தட்டு மாற்றுவது. வரப்போகிறவர் பிரியந்தியின் அப்பா சிதம்பரநாதன். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சிதம்பரநாதன் ஒரு தேயிலை பெக்டரியில் டீமேக்கர். அரைத்த கொழுந்து எப்போது சரியாகப் புளித்தது, எப்போது சூட்டுக்குப் போக வேண்டும் என்று மூக்கை வைத்துச் சொல்கிற ஆள். அவருடைய மூக்கு மற்றவர்களுடையதைவிடப் பெரிதில்லை, ஆனால் ஆழம் அதிகம் என்று அந்தப் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். கொழுந்துச் சாக்கை மோந்து பார்த்து, அதைப் பறித்த பெண் காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டது கட்டச்சம்பலா பருப்பா என்று சொல்லிவிடுவாராம். கந்தப்பனுக்கு முன்னால் பிரியந்தியைக் கேட்டு வந்த இரண்டு பேரை அவர் மூக்காலேயே திருப்பி அனுப்பியிருந்தார். ஒருவன் சிகரெட்டை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தும் மாட்டிக்கொண்டான். மற்றவன் காலையில் குளித்ததாகச் சொன்னான். தலையில் மட்டும் தண்ணீர் தெளித்திருக்கிறான் என்று அவர் கண்டுபிடித்தார். குளிக்காதது பெரிய விஷயமில்லை, பொய் சொன்னதுதான் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

நாள் குறித்ததும் பிரியந்தி போனில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள். "அப்பாவோட மூக்கு, கவனம்."

அந்த வரியைக் கந்தப்பன் சாமி படத்தைப் பார்ப்பது போலத் தினமும் பார்த்தான். வட்டவளை ஸ்டேஷனில் அவர்களை ஏற்றி, தன் காரிலேயே லயத்துக்குக் கூட்டி வருவதாக அவன் ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தான். கார் கண்ணாடி போல இருக்கும், பார்த்ததும் மாமாவுக்குப் பிடித்துவிடும் என்பது அவன் கணக்கு.

அந்த வாரம் பார்த்துத்தான் பொல்பிட்டியாவுக்கு ஒரு ஹயர் வந்தது. மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சிங்கள மாத்தயாவை வீட்டில் கொண்டுபோய் விட்டான். கல்யாணம் பேசியிருப்பதைக் கேள்விப்பட்ட அந்த நல்ல மனுஷன் சந்தோஷப்பட்டு, தன் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து ஒரு மண்பானை ஜாடியைக் கொண்டுவந்து முன் சீட்டுக்கு அடியில் வைத்தார். ஜாடி என்பது, மீனைத் துண்டு போட்டு உப்பும் கொறுக்காப்புளியும் சேர்த்துப் பானையில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி மாதக்கணக்கில் ஊறவைப்பது. பானைக்குள் இருக்கும்வரை அது அமிர்தம்.

கினிகத்தேனை வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தது. கந்தப்பன் பிரேக்கை மிதித்தான். சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது, தேங்காய் உடைத்த மாதிரி, ஆனால் கடவுளுக்கு நேர்ந்து உடைக்காத தேங்காய் மாதிரி.

வீட்டுக்கு வருவதற்குள் உடைந்த பானையிலிருந்து மீன் ஊறிய தண்ணீர் முழுதும் கார்ப்பெட்டுக்குள் இறங்கி, அதற்கு அடியிலிருந்த பஞ்சுக்குள் இறங்கி, போல்ட் ஓட்டைகளுக்குள்ளும் போய்விட்டது. மீன் துண்டுகளைப் பொறுக்கிவிட்டான். நாற்றத்தைப் பொறுக்க முடியவில்லை.

முதல் நாள் அது சாதாரண நாற்றமாக இருந்தது. இரண்டாம் நாள் அதற்கு ஓர் உடம்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தால் யாரோ உள்ளேயிருந்து நகர்ந்து இடம் விடுவது போல இருந்தது. கந்தப்பன் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான், தேசிக்காய் பிழிந்தான், கரித்தூள் வைத்தான், சாம்பிராணி போட்டான். சாம்பிராணிப் புகை உள்ளே போனது, உள்ளே போனபடியே திரும்பி வந்தது. கண்ணாடியில் தொங்கவிட்ட ரோசாப்பூ வாசனை அட்டை இரண்டே நாளில் மனம் மாறி ஜாடி வாசம் வீசத் தொடங்கியது. வெயிலில் காய வைக்கலாமென்றால், வட்டவளையில் வெயில் என்பது கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர் மாதிரி. வந்ததும் அடுத்த பஸ்ஸைக் கேட்கும்.

ஹயர் ஏறிய ஒருவர் ரொசல்லைக்குப் போக வேண்டியவர், அடுத்த வளைவிலேயே இறங்கி, நடந்து போனால் காலுக்கு நல்லதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். மூன்றாம் நாள் காலையில் தேயிலைக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை இறங்கி வந்து காருக்கு முன்னால் உட்கார்ந்தது. கொழுந்து பறிக்கப் போன பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அது மூக்கைத் தூக்கி ஒரு தடவை இழுத்தது, கண்ணை மூடியது, எழுந்து பின்பக்கமாகவே நடந்து தேயிலைக்குள் போய்விட்டது. சிறுத்தை பின்பக்கமாக நடந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் பிரதீபன் வந்து, காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

"அண்ணே, இதுல பொண்ணு வீட்டுக்காரங்கள ஏத்துனீங்கன்னா, தட்டு மாத்த மாட்டாங்க. ரயிலத்தான் மாத்துவாங்க."

கந்தப்பன் அன்று சாப்பிடவில்லை. நாளை மறுநாள் அவர்கள் வருகிறார்கள். வேறு வண்டி பிடித்து அழைத்து வரலாம். ஆனால் உன் வண்டி எங்கே என்று அவர் கேட்பார், அவன் என்ன சொன்னாலும் அதையும் அவர் மோந்து பார்ப்பார். பொய்க்கும் ஒரு வாசனை உண்டென்று கந்தப்பன் நம்ப ஆரம்பித்திருந்தான்.

வழி சொன்னவள் அவனுடைய அக்கா மீனம்மா. அவளுக்குப் பெக்டரியில் தேயிலை சலிக்கிற பகுதியில் வேலை. அங்கே போகிறவள் தலையில் பூ வைக்கக் கூடாது, முகத்துக்குப் பவுடர் போடக் கூடாது, முதல் நாள் வெங்காயம் உரித்த கையோடு தூளைத் தொடக் கூடாது. காரணம், சூடாக இறங்கிய தேத்தூளுக்குத் தன்னுடைய வாசனை போதாது. பக்கத்தில் எது இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். பத்து வருஷமாக மல்லிகை வைக்காத தலையோடு மீனம்மா அவனைப் பார்த்தாள்.

"நான் பூவ வச்சா அந்தத் தூளு கெட்டுப்போகும்னு சொல்றாங்கடா. அப்போ அந்த நாத்தத்த வச்சா என்ன ஆகும்? தூளு கெட்டுப்போகும், காரு நல்லாயிரும்."

கேட்டதும் கந்தப்பனுக்கு மயிர் கூச்செறிந்தது. இவ்வளவு நாள் தேயிலைக்கு நடுவே இருந்துகொண்டு தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்திருக்கிறான்.

தூளுக்கு எங்கே போவது? தோட்டத்தில் மாதா மாதம் வீட்டுக்கு வீடு குடிக்கத் தூள் கொடுப்பார்கள். அந்த வாரம்தான் அது வந்திருந்தது. மீனம்மா தன் வீட்டு டின்னைக் கவிழ்த்தாள். அடுத்த வீட்டுக் காளியாயி, எழுபதைத் தாண்டிய கிழவி, கேட்காமலே தன் பையைக் கொண்டுவந்தாள். இந்த நாற்றத்தில் தேத்தண்ணி இறங்கவா போகிறது, இந்தா எடுத்துக்கோ என்று கொட்டினாள். அதைப் பார்த்து எதிர்வீடு கொண்டுவந்தது, அதைப் பார்த்து மேல்வரிசை கொண்டுவந்தது. கடைசியில் லயத்தில் ஒரு கரண்டித் தூள்கூட மிச்சம் இல்லாமல் எல்லாம் காருக்குள் போனது. பழைய சேலைகளை விரித்து, சீட்டு மட்டத்துக்கு நிரப்பினார்கள். வெளியேயிருந்து பார்க்க, கார் கறுப்பு மண் ஏற்றிய சின்ன லொறி மாதிரி இருந்தது.

ஒரே ஒரு தவறு செய்தான் கந்தப்பன். தூளுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று பின் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கிவிட்டிருந்தான்.

மறுநாள் விடிந்து அவன் கதவைத் திறந்தபோது உள்ளே ஜாடி வாசம் இல்லை. கொஞ்சம்கூட இல்லை. சீட்டை மோந்தான், கார்ப்பெட்டை மோந்தான், போல்ட் ஓட்டையில் மூக்கை வைத்தான். ஒன்றுமில்லை. பெட்ரோல் வாசம்கூட இல்லை. ஸ்டீயரிங்கில் அவனுடைய கைவாசம் இல்லை. அப்போதுதான் அவனுக்கு ஏதோ சரியில்லையென்று தோன்றியது.

வெளியே வந்தான். மழை பெய்து ஓய்ந்திருந்தது, ஆனால் மண் மணக்கவில்லை. காளியாயி வீட்டில் கருவாடு வறுபட்டுக்கொண்டிருந்தது. சட்டி சடசடத்தது, புகை வந்தது, வாசம் வரவில்லை. கோயிலில் சூடம் எரிந்தது, அது வெறும் நெருப்பாக எரிந்தது. மீனம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி அதன் உச்சந்தலையை மோந்துவிட்டு, பயந்துபோய்க் கீழே விட்டாள். தூள் காருக்குள் இருந்ததைத் தின்று முடித்துவிட்டு, அந்த நாலு விரல் இடைவெளியால் கையை நீட்டி, லயத்தில் இருந்த வாசனை அத்தனையையும் இழுத்து வைத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். காதுக்குச் சத்தம் அடங்குவது அவர்களுக்குத் தெரியும், கரண்ட் போனால் கண்ணுக்கு இருட்டுவதும் தெரியும். மூக்குக்கு அமைதி வருவதை அன்றுதான் கண்டார்கள். கக்கூஸ் பக்கம் இருந்து கூட எதுவும் வரவில்லை. நாய்கள் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் மரியாதையாக விலகிப் போயின. மலை கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. காளியாயி காரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள். கந்தப்பனும் தன் காரைத் தானே கும்பிட்டான், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

மீனம்மாதான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். சேலைகளை நாலு மூலையில் பிடித்துத் தூளை மூட்டையாகக் கட்டி, வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பெண் வீட்டார் வந்து போன பிறகு எங்காவது ஆழமாகப் புதைத்துவிடலாம் என்றாள்.

அடுத்த நாள் பகல் ரயிலில் சிதம்பரநாதனும் அவர் மனைவி ரத்னாவும் நானுஓயாவிலிருந்து வந்து வட்டவளையில் இறங்கினார்கள். கந்தப்பன் கதவைத் திறந்து பிடித்தான். சிதம்பரநாதன் உள்ளே ஏறினார், சாய்ந்தார், மூக்கால் ஒரு தடவை இழுத்தார். பிறகு இன்னொரு தடவை இழுத்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்த கந்தப்பனுக்கு, திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. முதல் வளைவு திரும்புவதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

ரத்னா மெதுவான குரலில் சொன்னார். "தம்பி, வண்டிய மெதுவா ஓட்டுங்க. இவரு வண்டியில தூங்கி நான் பாத்ததே இல்ல. மூக்கு ஓயவே ஓயாதுங்க இவருக்கு. பஸ்ல ஏறுனா அம்பது பேரு வீட்டுச் சமாச்சாரமும் வந்து நிக்கும்."

கந்தப்பன் தோட்டத்துப் பாதையின் ஒவ்வொரு கல்லையும் கும்பிட்டுக் கும்பிட்டு ஏறினான். பாதி கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தான்.

வீட்டில் மீதிக் கிணறு காத்திருந்தது. வந்தவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பலகாரம் வைத்தாயிற்று. தேத்தண்ணி வைக்க மீனம்மா டின்னைத் திறந்தாள். வெறும் டின். பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், அங்கேயும் வெறும் டின். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை; லயத்தில் ஒரு கோப்பைக்குத் தூள் இல்லை. கடைக்குக் கீழே ரோட்டுக்குத்தான் போக வேண்டும். மீனம்மா செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கி ஓடினாள்.

அவள் அந்தப் பக்கம் ஓட, ஒத்தாசைக்கு வந்த காளியாயி இந்தப் பக்கம் அடுப்படிக்குள் நுழைந்தாள். வந்தவர்கள் காத்திருக்கிறார்கள், தண்ணீர் கொதிக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் மூட்டை நிறையத் தூள். கிழவி ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள்.

கேத்தல் கொதித்ததும் ஆவி எழும்பியது. அந்த ஆவியோடு லயம் திரும்பி வந்தது. முதலில் ஈர மண் வந்தது, பிறகு விறகுப் புகை, பிறகு மல்லிகை, விபூதி, நனைந்த கம்பளி, குழந்தையின் தலை. வாசலில் நின்றவர்கள் தொலைந்துபோன ஆட்கள் வரிசையாக வீட்டுக்கு வருவதைப் பார்ப்பது போல ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். காளியாயி கோப்பையைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்ச் சிதம்பரநாதனுக்கு முன்னால் நீட்டினாள். கந்தப்பன் பார்த்தான். பார்த்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. தடுப்பதற்குள் கோப்பை கைமாறிவிட்டது.

சிதம்பரநாதன் உறிஞ்சினார். டீமேக்கர் உறிஞ்சுவது நாம் உறிஞ்சுவது மாதிரி இல்லை, புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். வாயிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். முழுங்கினார்.

பிறகு மெதுவாகப் பேசினார். "மொத வீட்டுல மண்ணெண்ண அடுப்பு. அடுத்த வீட்டுல கைப்புள்ள இருக்கு, வசம்பு ஒரசியிருக்காங்க. அங்கிட்டு ஒருத்தரு மூட்டு வலிக்கு எண்ண தேச்சிருக்காரு. மேல்வரிசையில ஒரு பொம்பளப்புள்ள சம்பளத்துல புது சவர்க்காரம் வாங்கியிருக்கு, யாருக்கும் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கு."

வாசலில் நின்ற ஒரு பெண் தலையைக் குனிந்தாள்.

இன்னொரு மடக்கு உறிஞ்சினார். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்றும் தப்பவில்லை. அந்தக் குறுகிய அறையில் உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கு முன் ஒரு தடவையும் கால் வைக்காத லயத்தை அவர் வாசல் வாசலாக நடந்து பார்த்தார். கோப்பை அடிக்கு வந்ததும் அவர் முகம் மாறியது.

"அடியில மீனு," என்றார். "கொறுக்காப்புளியில ஊறுனது. கார்ப்பெட்டு வாசம் கூட வருது. கார்ல கொட்டுன மீனு. மாப்பிள்ள, நான் ஏறி வந்த கார்தானே?"

கந்தப்பன் கோப்பையைப் பார்த்தான். இல்லையென்று சொன்னால் சொல்லலாம். முன்னால் பெண் கேட்டு வந்த அந்த இரண்டு பேரும் எப்படிப் போனார்களென்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் வாய் திறந்தது அதற்காக இல்லை. இவ்வளவு நாளாக அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"ஆமாங்க மாமா. ஜாடி ஒடஞ்சிருச்சுங்க. என்ன செஞ்சும் போகலீங்க. அதான் லயத்துல எல்லாரும் தூளு குடுத்தாங்க. அந்தத் தூளுதாங்க நீங்க குடிச்சது."

ரத்னா சேலைத் தலைப்பால் வாயை மூடினார். சிதம்பரநாதன் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்குப் போய், அங்கே நின்ற கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கோப்பையில் சந்தித்தவர்களை நேரில் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

"எல்லா வீட்டுத் தூளுமா?"

"எல்லா வீட்டுதுந்தாங்க."

"மாசம் பூராவும் குடிக்க வேண்டியத, இவன் காருக்குக் கொட்டுனீங்களா?"

காளியாயிதான் பதில் சொன்னாள். "நாத்தம் பொறுக்கலய்யா. பொறவு, அவனுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னுதான்."

சிதம்பரநாதன் மனைவி பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"ரத்னா, எத்தன வருசமா எத்தன கோப்ப உறிஞ்சித் துப்பியிருப்பேன். ஒரு ஆளுக்காக ஒரு லயமே உள்ளுக்கு இருக்கிற கோப்பைய இன்னைக்குத்தான் குடிச்சேன். இவனுக்குத்தான் புள்ளையக் குடுக்கணும்."

அப்போது மீனம்மா கடையிலிருந்து வாங்கிய தூள் பாக்கெட்டோடு மூச்சிரைக்க வந்து நின்றாள். அந்தப் பாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இதைக் குடிக்க மாட்டேன், இந்த வீட்டுக்கு வந்த ஞாபகமாக இருக்கட்டும் என்றார் சிதம்பரநாதன். தட்டு அடுத்த மாதமே மாறியது. கந்தப்பனும் பிரியந்தியும் அதே காரில்தான் கோயிலுக்குப் போனார்கள். அவன் காதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

சூடம் அணைத்துச் சொல்வதால் இதையும் மறைக்கக் கூடாது: ஜாடி உடைந்து, பெண் வீட்டார் வந்துபோன அந்த வாரம் முழுக்க வட்டவளையிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் பொல்லாத தடிமன் பரவியிருந்தது. கந்தப்பன், மீனம்மா, காளியாயி, டீமேக்கர் சிதம்பரநாதன் உட்பட ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் மூக்கு இரண்டு பக்கமும் இறுக அடைத்திருந்தது.